ஆறு மாமன்மார் கொடுத்த வண்டி

என் வாயாடி மருமகளே, வடிவு,

நீ போயிருக்கும் ஊருக்குத் தபால் உண்டா என்று நம்மூர் தபாலாபீஸில் போய்க் கேட்டால் என்னைப் பிடித்துக் கட்டி வைப்பார்கள். ஆகையால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகை ஆபீஸுக்கே அனுப்புகிறேன். ஆசிரியர் இந்த வாரத்துக்குச் சிரிப்புக் கட்டுரை கேட்டிருந்தார். என் தொந்தியைப் பற்றியோ, நான் ரயிலைத் தவறவிட்டதைப் பற்றியோ எழுதியிருப்பேன் என்று நினைத்துத்தான் கவரைப் பிரிப்பார். பிரிக்கட்டும். சங்கரன்கோவிலில் நாலு பேர் காசு கொடுத்து வாங்கி நாற்பது பேர் ஓசியில் படிக்கிற பத்திரிகை அது. அந்த நாற்பது பேரையும் வைத்துக்கொண்டுதான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. நேரில் பேசினால் சிரிக்கிறார்கள், தாயி.

எனக்குக் கோபம். இந்த வயதில் முதல் தடவையாக ஒழுங்கான கோபம் வந்திருக்கிறது. பழக்கம் இல்லாததால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்குப்பொடி டப்பாவை இரண்டு தடவை சுவரில் எறிந்தேன். மூன்றாவது தடவை எறிவதற்குள் உன் அத்தை அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். இப்போது பொடியும் இல்லை, கோபமும் இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை உனக்குப் படத்திறப்பு விழா நடந்தது.

எங்கே என்கிறாயா? மிளகாய் மண்டி முன்வாசலில், பந்தல் போட்டு, மேளம் வைத்து. விழாத் தலைவர் மண்டி முதலாளிதான். ஊரே மண்டி அண்ணாச்சி என்று கூப்பிடும் அதே ஆள். படம் யாருடையது என்று கேட்காதே. உன்னைத்தான் போட்டோ எடுத்ததே கிடையாதே, உன் அப்பா சம்மதிக்கவில்லையே. ராஜபாளையத்திலிருந்து ஓர் ஓவியரைக் கூப்பிட்டு, "பொண்ணு பார்க்க லட்சணமா இருப்பா" என்று அடையாளம் சொல்லி வரைய வைத்திருக்கிறார்கள். அவர் எதிரே நடமாடிய மண்டி அண்ணாச்சி மகளைப் பார்த்துக்கொண்டே வரைந்துவிட்டார் போலிருக்கிறது. உன் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. மூக்கில் எட்டுக்கல் பேசரி. உன் அம்மா, என் அக்கா, அதைப் பார்த்துவிட்டு என் காதில், "ஏலே தம்பி, யாருலே இது?" என்று கேட்டாள்.

அதுகூடப் போகட்டும். சிறப்புப் பேச்சாளர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வந்து இறங்கினாரே, எதில் தெரியுமா? உன் வண்டியில். நீ வாங்கிய வில்வண்டியில். வண்டிக் கூண்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்து, "அமரர் செல்வி வடிவு நினைவு வண்டி" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், மண்டியின் பெயர்.

இந்த வண்டியின் கதை உனக்குத் தெரியும். படிக்கிற நாற்பது பேரில் பலருக்கும் தெரியும், மறந்ததுபோல் நடிக்கிறார்கள். அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கு மரியாதை தருகிற இடம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன்.

நீ பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் என்கிற முறையில் பச்சை ஓலை வெட்டிக் குச்சில் குடிசை கட்ட நான்தான் வந்தேன். அரிவாளைப் பிடித்து அறியாதவன். ஓலையை விட என் விரல்தான் அதிகம் வெட்டுப்பட்டது. தட்டில் பட்டுப்பாவாடை, வளையல், உளுந்து, நல்லெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து பரப்பினேன். நீ குச்சிலுக்குள் இருந்து மெல்லக் கூப்பிட்டாய்.

"மாமா, பாவாடை நல்லாருக்கு. ஆனா எனக்கு வேண்டாம். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாட்ட சொல்லுங்க. மாமன் சொன்னா அவுக தட்ட மாட்டாக."

வந்திருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பாவும் பார்த்தார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்?

"ஏட்டி, நீ படிச்சிட்டா அப்புறம் நான் எழுதுததுல எல்லாம் தப்புக் கண்டுபிடிப்பியே! என் பொழைப்பு என்னாகதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா நிம்மதியாகச் சிரித்தார். ஓலை இடுக்கில் உன் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு உன் படிப்பு நின்றது. அப்படி நிறுத்தியதில் உன் அப்பாவுக்குப் பாதிப் பங்கு என்றால் எனக்கு மீதிப் பாதி.

பிறகு நீ வீட்டுக்குள் இருந்துகொண்டே எழுத ஆரம்பித்தாய். பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தாய். பதினெட்டு வயதில் ஒரு பதினாறு பக்கப் புத்தகம் போட்டாய். குச்சிலுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், வெளியே எந்த மாமன் என்ன கொண்டுவந்தான், எந்த அத்தை அதைக் கையில் தூக்கி எடை பார்த்தாள் என்று ஒட்டுக்கேட்டுச் சொல்லுகிற கதை. படித்துவிட்டு எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் பேனா பிடித்த என்னைவிட நன்றாக இருந்தது. அந்த மாமன்களில் ஒருவன் விரலை வெட்டிக்கொள்கிறான்; அதையும் படித்தேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தேரடிப் பக்கம் பாய் விரித்து உட்கார்ந்து நீயே அதை விற்றாய். கல்யாணம் ஆகாத பெண் கடைவிரித்து உட்கார்ந்தது பற்றி ஊர் பேசிய பேச்சு கொஞ்சமா? உன் அப்பா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: இந்தக் காசு எனக்கு இல்லை, வயதுக்கு வந்த பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போய்வர ஒரு வண்டி வாங்குவதற்கு.

புத்தகம் விற்று மாடு வண்டி வாங்க முடியாது என்று உனக்கே தெரியும். அப்போதுதான் அந்தத் தந்திரம் செய்தாய். அப்பன்மாரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். பெரிய மனிதர்களிடம் கேட்டால் கூட்டம் போடுவார்கள். தாய்மாமன் கொண்டுவந்து வைக்கிற சீரை மட்டும் எந்த அப்பனும் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் பெண் எடுத்த வீட்டோடு உறவே வேண்டாம் என்று அர்த்தம். ஆகவே எந்த வீட்டில் சடங்கு என்று கேள்விப்பட்டாலும் நீ புத்தகத்தோடு போய் நின்றாய். அந்தப் பெண்ணின் மாமனைத் தனியாகப் பிடித்தாய்.

வாசுதேவநல்லூர் மாமன் நினைவிருக்கிறதா? குளத்துப் பாசனத்தில் நெல் விளைவிக்கிறவர், மீசையைக் காதுவரை முறுக்கி வைத்திருப்பாரே, அவர்தான். "என்னளா சொல்லுத? பட்டுக்குப் பதிலா வண்டியா? தட்டுல வண்டிய எப்படி வைப்பேன்?" என்றார்.

"தட்டுல வெத்தலை பாக்கு மட்டும் வைங்க மாமா. வண்டி தானா வாசல்ல வந்து நிக்கும். பட்டு ஒரு வருசத்துல கட்டையாப் போகும். ஒங்க மருமக தினமும் ஒங்க சீருல ஏறி ஊரே பார்க்கப் போவா."

ஊரே பார்க்க என்று சொன்னாய் பார், அதில்தான் மீசை அசைந்தது. இப்படி ஐந்து மாமன்மார் சேர்ந்தார்கள். ஆறாவது ஆளாக என்னிடம் வந்து நின்றாய். உனக்குச் செய்யத் தவறிய சீரை ஐந்தாறு வருஷம் கழித்துச் செய்தேன். உன் இடத்தை நீ தறிகாரர் ஆவுடையப்பன் மகள் கோமதிக்குக் கொடுத்தாய். அவளுடைய மாமன் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை. சீர் வைக்க அவளுக்கு ஆள் கிடையாது.

ஆறு பெண்கள். ஒரு வண்டி. இதுவரை எல்லாம் உன் கெட்டிக்காரத்தனம். இதற்கு மேல்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம்.

வண்டி விஷயம் ஒரு பெண்பிள்ளை கையில் இருக்கலாமா என்று பெரியவர்கள் கூடிக் கமிட்டி போட்டார்கள். மண்டி அண்ணாச்சி தலைவர். அவர் ஒரு ஜோடி மாடு கொடுத்தார். அந்த மாடுகளுக்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். வண்டியை நிறுத்த மண்டியில் கொட்டகை கொடுத்தார். கூட்டத்தில் நீ உட்காரக் கூடாது. நீ சொல்ல வேண்டியதை நான் போய்ச் சொல்ல வேண்டும்.

நீ சொல்லி அனுப்பியது இது: "வண்டில போற பிள்ளை ஒருத்திகூட கமிட்டில இல்ல. பிள்ளைய அனுப்பாதவங்கதான் நிறைய இருக்காங்க. அப்புறம் இது வண்டி ஓட்டுத கமிட்டியா, வண்டிய நிறுத்துத கமிட்டியா?"

நான் போய்ச் சொன்னது இது: "எங்க மருமக, கமிட்டியில மீசை இல்லாத முகம் ஒண்ணாவது இருந்தா நல்லதுன்னு அபிப்பிராயப்படுதா."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கென்ன என்று, மழுங்கச் சிரைத்த முகத்தோடு இருந்த மண்டிக் கணக்குப்பிள்ளையை அங்கேயே கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். உன்னிடம், "நல்லபடியா எடுத்துச் சொல்லிட்டேன் தாயி" என்றேன்.

நீ கோபமாகக் கொடுத்ததையெல்லாம் நான் வேடிக்கையாக மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வடிவு. வழியிலேயே பால் தண்ணீராகிற மாதிரி. ஊற்றியது நான்.

வண்டிக்குத் திரை வேண்டும் என்றது கமிட்டி. தடித்த திரையாக, காற்றுகூடப் புகாததாக. மண்டியில் கிடந்த மிளகாய்ச் சாக்குகளைத் தைத்துக் கட்டினார்கள். ஆறு பெண்களும் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை தும்மிக்கொண்டே போனார்கள். நான் சும்மா இருந்தேனா? "தும்மல் வண்டி" என்று தலைப்புப் போட்டு இதே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். ஊர் கொண்டாடியது. பஜாரில் வண்டி போனால் பையன்கள் வரிசையாக நின்று தும்மினார்கள். இரண்டே நாளில் பெண்கள் எல்லாரும் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள்.

நீ என் வீட்டுக்கு வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "கட்டுரை நல்லாருந்துச்சு மாமா, நானும் சிரிச்சேன். நாளைக்கு நான் அந்த வண்டில ஏறிப் போகப்போறேன். நீங்களும் கூட வாரியளா?" என்று கேட்டாய். எனக்குத் தலைவலி என்றேன்.

மறுநாள் சாக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன் அம்மாவின் பழைய நூல் சேலையைத் திரையாகக் கட்டி, அதையும் பாதி தூக்கி விட்டுக்கொண்டு நீ மட்டும் பஜார் வழியாகப் போனாய். வெறும் வண்டியில், நேராக நிமிர்ந்து. மூன்றாம் நாள் கோமதி ஏறினாள். வாரத்துக்குள் ஆறு பேரும் ஏறினார்கள். தினமும் அவர்களோடு பள்ளிக்கூட வாசல்வரை போவாய். அவர்கள் உள்ளே போவார்கள். உள்ளே போகும் வயது உனக்குத் தாண்டிவிட்டது. நீ அதே வண்டியில் திரும்பி வருவாய். வரும் வழியில் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான்தான் ஒருநாளும் கூட வரவில்லையே.

ஐப்பசி மழையில் உனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை உன் அம்மா நெற்றியில் பூசிக்கொண்டே இருந்தாள். டாக்டரும் வந்தார். நினைவு வரும்போதெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான். "வண்டி போச்சா மாமா?"

"போச்சு தாயி" என்றேன்.

போகவில்லை, வடிவு. நீ படுத்த மூன்றாம் நாளே மண்டி அண்ணாச்சி தன் மருமகளை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டார். "ஒரே ஒரு நாள்தானவே" என்றார். அந்த ஒரு நாள் எட்டு மாதம் நீண்டது. பிறகு கல்யாணத்துக்குப் போனது, எலெக்‌ஷனுக்கு ஓட்டுப்போடக் கிழவிகளை ஏற்றிக்கொண்டு போனது, அண்ணாச்சியின் மூட்டுவலிக்கு வைத்தியரிடம் போனது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகவில்லை. அப்பன்மாரைக் கேட்டால், "நாங்க என்ன செய்ய, வண்டி வரல்லியே" என்றார்கள். வருத்தமாகத்தான் சொன்னார்கள். அந்த வருத்தத்துக்குள் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். ஆறு பேரில் ஒருத்திக்குத் தை மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது. கோமதிக்கு ராயகிரிப் பக்கம் மாப்பிள்ளை பேசுகிறார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கு அவள் போகாவிட்டால் ஆவணியில் முகூர்த்தம்.

இத்தனையும் நடந்த பிறகுதான் உனக்குப் படத்திறப்பு. இப்போது புரிகிறதா எனக்கு ஏன் கோபம் என்று?

ஆறு பேர் பேசினார்கள். ஒருவர் உன்னை விளக்கு என்றார். ஒருவர் தெய்வம் என்றார். உயிரோடு இருந்தபோது தேரடியில் நீ பாய் விரித்ததற்கு, "அடக்கம் இல்லாத பிள்ளை" என்று சொன்னவர்தான் தெய்வம் என்றவர். கடைசியில், "நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேசுங்க" என்று என்னை எழுப்பிவிட்டார்கள்.

எழுந்து நின்றேன். "வண்டியைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்" என்றேன்.

சிரித்தார்கள்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மண்டி அண்ணாச்சி தொடையைத் தட்டிக்கொண்டு, "ஏ, நீரு இல்லேன்னா கூட்டம் களைகட்டாது வே!" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து, "நடிப்பைப் பாரு, நடிப்பைப் பாரு" என்று கைதட்டினார்கள். இருபது வருஷம் ஓர் ஊரைச் சிரிக்க வைத்தவனுக்கு அந்த ஊர் கொடுத்த கூலி அது. நியாயமான கூலிதான்.

மறுநாள் காலையில் பின்வாசலில் கோமதி வந்து நின்றாள். கூட அவள் அம்மா சொர்ணம். நீ விட்டுப்போன பிறகு பெண் ஒரு பிடி வளர்ந்திருக்கிறாள். உன்னைப் போலவே, ஏறிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள்.

"நீங்க ஏன் கமிட்டிட்ட போய்க் கேக்கிய?" என்றாள்.

"பின்ன யார்ட்ட கேக்க?"

"அது கமிட்டி வண்டியா? மாமன்மார் சீர்லா. சீரை அடுத்த வீட்டுக்காரன் ஆண்டா மாமன்மார் சும்மா இருப்பாகளா? அவுகளுக்குச் சங்கதி தெரியுமா, தெரியாதா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் வண்டியைக் கேட்டு மண்டியிலேயே போய் நின்றுகொண்டிருந்தேன். சீர் வைத்த ஐந்து பேரில் ஒருவரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் வெளியூர்க்காரர்கள், சீர் வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள். தை மாதக் கல்யாணத்துக்கு வந்த மாமனிடமும் யாரும் மூச்சு விடவில்லை. உன் தந்திரத்தை உன் மாமன் மறந்தான். பதிமூன்று வயசுப் பெண் மறக்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். வாசுதேவநல்லூர் மாமன் வரப்பில் நின்றார். சொன்னேன். அவர் முதலில் கேட்டது தன் மருமகள் படிப்பைப் பற்றி அல்ல. "என் சீருல எவன் மருமக வே ஏறிப் போனா?" என்றுதான் கேட்டார். அவருக்கு வந்த கோபம் எனக்கு வந்த கோபம் இல்லை. இருந்தாலும் கோபம் கோபம்தானே என்று எடுத்துக்கொண்டேன். மற்ற நாலு பேரிடமும் அதே கேள்வி, அதே முகச் சிவப்பு.

நேற்று காலை ஐந்து மாமன்மாரும் வந்து இறங்கினார்கள். மண்டிக்குப் போகவில்லை. நேராகத் தங்கள் அக்கா தங்கைமார் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்த அப்பன்மாரைக் கேட்டார்கள்: "நாங்க வச்ச சீர் எங்க மச்சான்?" மாமன் தண்ணீர் குடிக்காமல் வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துபோகும். எட்டு மாதமாக "வண்டி வரல்லியே" என்று சொன்ன அப்பன்மாருக்குச் சட்டை போடக்கூட நேரமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாமன்மாரோடு மண்டிக்கு ஓடினார்கள். பின்னாலேயே நான், தொந்தியைத் தூக்கிக்கொண்டு.

மண்டி அண்ணாச்சி எங்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். "யாரு வண்டிய யாருவே கேக்கது? கமிட்டி வண்டில்லா அது!"

வாசுதேவநல்லூர் மாமன் மீசையைத் தடவினார். "அப்படியா? ஒம்ம கமிட்டி எப்பவே வயசுக்கு வந்துச்சு? தாய்மாமன்னு எனக்கு ஆள் விடலியே!"

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முதல் தடவையாக மண்டி அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மாடு என்னுது. வண்டிய வேணும்னா நீங்களே இழுத்துட்டுப் போங்க" என்றார். வாசுதேவநல்லூர் மாமன் வாசலைக் காட்டினார். அவர் தன் சொந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வண்டி இப்போது, அவர் விட்டுப்போன மாடுகளோடு, என் வீட்டு வாசலில் நிற்கிறது. மண்டியின் பெயரைச் சுண்ணாம்பால் அழித்துவிட்டேன்.

நீ சந்தோஷப்படுவாயா? எனக்குத் தெரியவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டால் இந்த ஊரில் ஓர் ஆணி அசையாது. ஐந்து மீசை துடித்தால் வண்டியே அசைகிறது. நீ கேட்டதற்காக அல்ல, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, தங்கள் சீரை எவனோ ஆண்டுவிட்டான் என்பதற்காகத்தான் வந்தார்கள். இது உனக்குத் தெரிந்தேதான் இந்த வழியைப் பிடித்தாயா? தெரிந்தே சிரித்துக்கொண்டு பிடித்தாயா? இதையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மற்றப் பெண்களின் வாசலில் மாமன்மார் நின்றார்கள். கோமதி வாசலில் நிற்க யார் இருக்கிறார்கள்? வண்டி வந்தாலும், "உனக்கு அதில் ஏது பங்கு" என்றால் அவள் என்ன செய்வாள்? யோசனை சொன்னவளே ஏற முடியாமல் போகவா இத்தனையும்?

நேற்று சாயங்காலம் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு தறிகாரர் தெருவுக்குப் போனேன். உன் அத்தை கூட வந்தாள். எங்கள் ஆட்கள் நாங்கள் எங்கே போகிறோம் என்று பார்த்தார்கள். அவர்கள் ஆட்கள் நாங்கள் ஏன் வருகிறோம் என்று பார்த்தார்கள். ஒரே சாயங்காலத்தில் இரண்டு சாதிக்காரர்களின் கோபத்தையும் சம்பாதித்தவன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

ஆவுடையப்பன் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பாவம், முரட்டு ஆள் இல்லை அவர். பயந்த ஆள். "என்ன அண்ணாச்சி இது தட்டு?" என்றார்.

"மாமன் சீர்" என்றேன்.

"நீங்க யாரு, நாங்க யாரு? எந்த முறையில நீங்க மாமன்? நாளைக்கு எங்க ஆளுக என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு வேடிக்கை என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். நேற்றும் வந்தது. விழுங்கிவிட்டேன். தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்து சொர்ணம் வந்தாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படிக் கூப்பிட்டாள்:

"அண்ணே, ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க. கொழும்புக்குப் போனவன் வரல. வந்திருக்க அண்ணனை நான் வாசல்ல நிறுத்த மாட்டேன்."

உன் அத்தை அழுதாள். கோமதி அழவில்லை. தறிக்கட்டைக்குப் பக்கத்தில் நின்று தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் பெண்டாட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அதிலிருந்த புத்தகங்களைப் பார்த்தார். குழிக்குள் காலை மிதித்து நாலைந்து இழை நெய்தார். நிமிராமலேயே கேட்டார்:

"திங்கக்கிழமை வண்டி எத்தன மணிக்கு வரும்?"

அவ்வளவுதான், தாயி. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கோமதியோடு நானும் வண்டியில் ஏறுகிறேன். அவள் பள்ளிக்கூடத்துக்குள் போய் மறையும்வரை வாசலில் நிற்பேன். ஹைஸ்கூல் முடிக்கும்வரை ஒவ்வொரு நாளும் நிற்பேன். அடுத்த கூட்டத்தில் கோமதியும் மற்றப் பிள்ளைகளும் கமிட்டியில் உட்காருவார்கள். உட்கார விடாவிட்டால் அந்தக் கமிட்டியே இருக்காது. அவர்கள் கோபமாகப் பேசினால் கோபமாகவே பேசட்டும். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உனக்கும், நேற்றுச் சாயங்காலம் முதல் கோமதிக்கும்,
தாய்மாமன்.